வசனம் எப்படிப் பஞ்சாகும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலரில் ஒரு நாடகச் செய்தி. 'நடிகர் இரண்டு இடங்களில் வசனத்தைப் பஞ்சாக்கினார்' என்று போட்டிருந்தீர்கள். தேத்தண்ணியோடு உட்கார்ந்து மூன்று தரம் படித்தேன், பிடிபடவில்லை. பேத்திதான் சிரித்துவிட்டு, "தாத்தா, இங்கிலீஷ்ல ஃப்ளஃப்னு இருந்திருக்கும், அப்படியே மாத்திட்டாங்க" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை வேலை பாருங்கள். சட்டைப்பை மூலையில் சேரும் நூல் பிசிறு ஃப்ளஃப், கோழிக்குஞ்சின் மேலிருக்கும் பொசுபொசு மயிரும் ஃப்ளஃப், அமுங்கிய தலையணையைத் தட்டி உப்ப வைப்பதும் அதுதான், விஷயமே இல்லாமல் பக்கத்தை நிரப்பும் கட்டுரையும் அதுதான் (உதாரணம் சொல்ல மாட்டேன், வருத்தப்படுவீர்கள்). நடிகர் வசனத்தில் தடுமாறினாலும், ஆளில்லாத கோலுக்கு முன்னால் நின்று பந்தை வெளியே அடித்தாலும் அதே சொல். இந்தக் கடைசி இரண்டுக்கும் தமிழில் பஞ்சோடு ஒட்டுமில்லை உறவுமில்லை. சொதப்பினார் என்போம், கோட்டை விட்டார் என்போம், அவ்வளவுதான்.

மென்மைக்கு நம்மிடம் சொல் இல்லையா என்ன? அன்னத்தின் தூவி (மெல்லிறகு) என்று 1120ஆம் குறளிலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா கேக் மெத்தென்று இருந்தால் 'கெபு' என்பார், நாம் இட்லி பஞ்சு மாதிரி என்கிறோம்.

பஞ்சும் எனக்குப் புதிதல்ல. தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் இரண்டு கெகாபு மரங்கள், அதாவது நம் இலவமரம், நின்றன. காய் வெடித்தால் ஐந்தடி நடப்பதற்குள் தலை நரைத்துவிடும். அம்மா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கூடையில் போட்டுக் குச்சியால் கிண்டுவார். கொட்டை அடியில் தங்கும், பஞ்சு மேலே வரும். அது வழுக்கும் இழை, சுலபத்தில் நூலாகத் திரிக்க வராது. ஆனால் தண்ணீரில் நன்றாக மிதக்கும், அதனால்தான் ஒரு காலத்தில் உயிர்காப்புச் சட்டைக்குள் இதை அடைத்தார்கள். எங்களுக்குத் தலையணைதான். அப்புறம் தோட்டம் செம்பனைக்கு மாறியபோது மரங்களும் போய்விட்டன.

மொழிபெயர்ப்பவர் இளைஞராக இருக்கலாம், திட்டாதீர்கள். அகராதியில் முதலில் இருக்கும் பொருளோடு நிற்காமல் இரண்டாவது மூன்றாவதையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நடிகர் மேடையில் என்னதான் செய்தார் என்று ஒரு வரி திருத்தமும் போடுங்கள், பேத்தி வெட்டி ஒட்டக் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
பழைய தோட்டத்து வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்