வேல்ஸ் சுரங்க ஊர்கள்: கட்டுரையில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனில் மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரை, தெற்கு வேல்சின் பள்ளத்தாக்குகளை வறுமையும் விபத்தும் மட்டுமே நிறைந்த பகுதியாகக் காட்டியிருந்தது. 1966 அக்டோபர் 21 அன்று அபர்வானில் சுரங்கக் கழிவு மேடு சரிந்து பள்ளியையும் வீடுகளையும் மூடியதில் 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் மாண்டதை எவரும் எழுதாமல் விட முடியாதுதான். ஆனால் அம்மக்கள் தங்கள் கூலியிலிருந்து கட்டி எழுப்பியவற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால், 1970களில் ரோண்டா பள்ளத்தாக்கின் சிற்றூர் ஒன்றில் வளர்ந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என் தந்தை மதுரையில் மருத்துவம் படித்து, அவ்வூரில் குடும்ப மருத்துவராகப் பணியேற்றவர். உள்நாட்டு மருத்துவர்கள் வரத் தயங்கிய அந்தப் பள்ளத்தாக்குகளில் 1960கள் தொடங்கி இந்தியத் துணைக்கண்டத்து மருத்துவர்கள் பலர் பணிபுரிந்தனர். மருத்துவம் எங்கே அதிகம் தேவைப்படுகிறதோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதிப் புகழ்பெற்ற டாக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட், கிளின்காருக் என்ற சுரங்க ஊரின் மருத்துவர் என்பதைச் சொன்னால் நிலைமை விளங்கும். நிலக்கரித் தூசு படிந்த நுரையீரலோடு, நான்கு படி ஏறுவதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்கிய முதியவர்களை என் தந்தையின் மருத்துவ அறையில் நாள்தோறும் கண்டிருக்கிறேன்.

ஆயினும் எங்கள் பிள்ளைப் பருவம் இருண்டதன்று. மலைச் சரிவில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு இடையே ஆடுகள் இறங்கி வந்து குப்பைத் தொட்டிகளைக் கவிழ்த்துவிட்டுப் போகும். தொழிலாளர்களுக்குச் சலுகையாக வழங்கப்பட்ட கரியைத் தெருவிலேயே கொட்டிவிட்டுச் செல்வார்கள். வாளி வாளியாக அதை வீட்டுக்குள் கொண்டு சேர்ப்பது பிள்ளைகளின் வேலை. ஜூலை இறுதியில் சுரங்கங்களுக்கு இரண்டு வார விடுமுறை வந்தால் பாதி ஊர் போர்த்கால் கடற்கரைக்குப் போய்விடும். இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் நடத்திய சிற்றுண்டிக் கடையின் ஐஸ்கிரீமுக்கு இணையாக இன்றுவரை நான் எதையும் உண்டதில்லை. நிறத்தை வைத்துக் கேலி செய்தவர்களும் இருந்தார்கள், அதை மறைப்பதற்கில்லை.

நான் வலியுறுத்த விரும்புவது தொழிலாளர் மன்றத்தைத்தான். சுரங்கத் தொழிலாளர்கள் வாரக் கூலியில் சிறு தொகையைப் பிடித்தம் செய்யச் சம்மதித்து, ஊருக்கு ஊர் மன்றமும் நூலகமும் எழுப்பினார்கள். பதின்மூன்று வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் அங்கே பொருளாதாரமும் தத்துவமும் படித்தார்கள். பின்னாளில் அந்த நூல்கள் பல சொற்ப விலைக்குப் போயின. எஞ்சியவற்றில் ஒரு பகுதியை 1973இல் சுவான்சியில் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் நூலகம் காப்பாற்றியது. சுரங்கங்களை மூடுவதை எதிர்த்துத் தொழிலாளர்கள் நடத்திய 1984-85 வேலைநிறுத்தத்தின்போது அவர்களின் குடும்பங்களுக்கு இத்தகைய மன்றங்களில்தான் உணவு சமைத்தார்கள். தோல்விக்குப் பின், 1985 மார்ச்சில் மார்டி சுரங்கத் தொழிலாளர்கள் இசைக்குழு முன்செல்ல, கொடி பிடித்து ஒன்றாகவே பணிக்குத் திரும்பினார்கள். ரோண்டாவின் கடைசிச் சுரங்கமான அதுவும் 1990 டிசம்பரில் மூடப்பட்டது.

மருத்துவத்துக்கும் இதே முறையில்தான் பணம் திரட்டினார்கள். ட்ரெடீகர் ஊரில் 1890இல் தோன்றிய மருத்துவ உதவிச் சங்கம், தொழிலாளர் சந்தாவைக் கொண்டே மருத்துவர்களை நியமித்தது. அவ்வூரில் பிறந்து, தானும் சுரங்கத்தில் உழைத்த அனூரின் பெவன், அமைச்சரானபின் 1948இல் நாடு முழுவதற்கும் இலவச மருத்துவச் சேவையைக் கொண்டுவந்தபோது அந்தச் சங்கமே அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. என் தந்தையைப் போன்றோருக்கு ஊதியம் அளித்ததும் அந்தச் சேவைதான். பிரிட்டிஷ் சுரங்கங்களைப் பற்றி முழுப் பக்கம் எழுதியவர், ட்ரெடீகரின் பெயரைக்கூடக் குறிப்பிடாதது வியப்பளிக்கிறது.

கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவருவதாக இருந்தால், தங்கள் செய்தியாளர் அப்பள்ளத்தாக்குகளில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற நம் நாட்டு மருத்துவர்களையும் சந்தித்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவர்களுள் பலருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கார்டிஃப்.