உடும்புப்பிடி

பாபு,

இந்த மாதம் இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் நீ கட்டைவிரல் மட்டும் அனுப்பியிருந்தாய். சரி, வேலை இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் அல்லவா? அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. தவமணி வீட்டில் மறுபடி மோட்டார் காயில் போய்விட்டது, மூன்று நாளாக நம் வீட்டில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். கணேசன் மகன் ஊருக்கு வந்திருக்கிறான், உன்னைப் பற்றி ஏதோ சொன்னான். நான் காதில் வாங்கவில்லை. அதைப் பற்றிக் கேட்கவும் போவதில்லை.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. 2023 ஜூலையில் நீ ஒரு படம் அனுப்பி "அம்மா, இதைப் பார்" என்று எழுதியிருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு வாசலில் சிலிண்டர்காரர் நின்றார், நான் "சூப்பர்" என்று போட்டுவிட்டு எழுந்து போனவள்தான். போன வாரம் போனில் இடமில்லை என்று பழையதை அழிக்கும்போது கண்ணில் பட்டது. முதலில் ஏதோ வேர் பின்னிக் கிடக்கிறது என்று நினைத்தேன், பெரிதாக்கிப் பார்த்தால் எலும்பு, அதுவும் இரண்டு பிராணிகளின் எலும்பு. நீ சேர்த்து அனுப்பியிருந்த கட்டுரையை அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். இருபத்தெட்டு வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவளுக்கு இதுகூட முடியாதா!

அந்தப் பெயரை நாக்குக்குள் அடக்கவே ஒரு சாயங்காலம் ஆயிற்று. ரெப்பெனோமாமஸ். டைனோசர் காலத்துப் பாலூட்டி. சீனாவில் லியாவ்னிங் பக்கம், பன்னிரண்டரைக் கோடி வருஷத்துக்கு முந்தியது. பூனை அளவுதான், அரை மீட்டர்கூட நீளமில்லை. அது ஏறிப் படுத்திருக்கும் சிட்டகோசாரஸோ கிட்டத்தட்ட 120 சென்டிமீட்டர், எடையில் மூன்று மடங்கு. கிளிமூக்கு வைத்த, தழை தின்கிற சாது டைனோசர். இந்தப் பொடிசு ஒரு கையால் அதன் கீழ்த்தாடையைப் பிடித்திருக்கிறது, பின்னங்காலால் அதன் காலைக் கவ்வியிருக்கிறது, பல்லை விலா எலும்பில் இறக்கியிருக்கிறது. செத்ததைத் தின்ன வந்ததாக இருந்தால் டைனோசரின் எலும்பில் கடித்த தடம் அங்கங்கே இருக்கும், இதில் அப்படி இல்லை, உடம்பும் இப்படிப் பின்னிக் கிடக்காது, அதனால் உயிரோடு இருந்ததைத்தான் தாக்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு போலீஸ்காரர் துப்பறிவது போல இருந்தது. அந்த நேரம் பார்த்து எரிமலைச் சேறு வந்து இரண்டையும் மூடிவிட்டது. 2012இல்தான் தோண்டி எடுத்தார்களாம்.

படித்து முடித்ததும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. உன்னை உடும்புப்பிடி என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான். அந்த ஸ்காலர்ஷிப்புக்கு மூன்று தடவை எழுதிப் போட்டாயே, நம் இரண்டு குடும்பத்திலும் அப்படி ஒருத்தன் கிடையாது, உன் சித்தப்பா கதைதான் உனக்கே தெரியும். ஆனாலும் பெற்றவளுக்கு மாசத்தில் இரண்டு வரி எழுதக் கை வரவில்லை பார், அதுதான் வருத்தம். சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே. ராத்திரி ரொட்டியோடு முடித்துக்கொள்ளாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2005இல் பேப்பரில் இதே ரெப்பெனோமாமஸ் பற்றிச் செய்தி வந்தது, நீ நான்காம் வகுப்பு. ஒன்றின் வயிற்றில் குட்டி டைனோசரின் எலும்பு இருந்ததாம், சரியாக மெல்லாமல் துண்டு துண்டாக விழுங்கியிருந்ததாம், இன்னொரு வகை ஒரு மீட்டருக்கு மேல் நீளம், 12 முதல் 14 கிலோ எடை. நீ வெட்டி எடுத்துக்கொண்டு ஓடி வந்தாய். டைனோசர் காலத்துப் பாலூட்டி எல்லாம் எலி மாதிரி, பொந்துக்குள் ஒளிந்து பூச்சி தின்றது என்று நான் அன்று காலைதான் வகுப்பில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். "பரீட்சைக்குப் புத்தகத்தில் இருப்பதை எழுது, அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம்" என்றேன். நீ அந்தத் துண்டை மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்தாய். அதற்குப் பிறகும் பல வருஷம் நான் அதே எலிக்கதையைத்தான் நடத்தினேன், தப்பு என்று தெரிந்தே. இன்று நீ அதே பல்லையும் தாடையையும் பார்த்துக்கொண்டு கனடாவில் உட்கார்ந்திருக்கிறாய், என்னால் அல்ல, என்னை மீறி.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. போன தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி நீ போன் செய்தாய். பட்டாசு, பலகாரம் எல்லாம் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாய். அப்புறம் "அம்மா, நான் அங்கேயே வந்துடட்டுமா" என்றாய். நான் "ஹலோ, ஹலோ, சரியாகக் கேட்கவில்லை, சிக்னல் இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது பாபு. நீ சொன்னது ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. வாங்கிய கடன், கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் உன் படம், கணேசன் வீட்டில் என்ன சொல்வார்கள், எல்லாம் ஒரே நேரத்தில் வந்து தொண்டையை அடைத்தது. மறுநாள் நீயே கூப்பிடுவாய் என்று இருந்தேன். நீ அதை மறுபடி எடுக்கவே இல்லை, நானும் எடுக்கவில்லை. ராத்திரியில் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சேறு வருவது அதற்குத் தெரிந்திருக்குமா, தெரிந்தும் பல்லை எடுக்கவில்லையா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எடுத்திருந்தால் பிழைத்திருக்குமா? எடுத்திருக்கலாம். உன்னைத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. எடுத்துக்கொண்டாலும் சரி.

மாடி அறையில் இருந்த நெல் மூட்டைகளைக் கீழே இறக்கிவிட்டேன். ஃபேன் மாற்றியாயிற்று. எதற்கு என்று அப்பா கேட்டார், வெயிலுக்கு என்றேன். தீபாவளி போன் விஷயம் அவருக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே. உனக்குப் பகலில் தோதில்லை என்றால் இங்கே ராத்திரி இரண்டு மணியானாலும் கூப்பிடு, போன் தலைமாட்டில்தான் இருக்கும்.

அம்மா