மின்கசிவு என்று எழுதி முடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார் தீப்பிடித்த செய்தி என்றால் 'மின்கசிவே காரணம் எனக் கூறப்படுகிறது' என்ற வரியோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எஞ்சின் மாற்றிய வண்டிகளில் அந்தச் சொல் எதையும் விளக்குவதில்லை. ஃபியூஸ் இல்லாத வயர், முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு, விட்டுப்போன எர்த் (பேட்டரியின் நெகட்டிவுக்கு மின்சாரம் திரும்பும் வழி) என்று விரல் வைத்துக் காட்டும்படி ஓர் இடம் இருக்கும். வயரிங்கைத் தாமே செய்துகொள்ள முனைபவர்களுக்கு அந்த இடங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய கார்புரேட்டர் மாருதி ஜிப்ஸியில் மாருதி எஸ்டீம் காரின் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினை, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் மின்கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சினை, ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். எஸ்டீமில் எஞ்சின் குறுக்காக இருக்கும். ஜிப்ஸியில் நெடுக்காக உட்காரும். ஆகவே எஸ்டீம் வயரிங் செட்டை அப்படியே போட்டால் சில வயர் எட்டாது, சில வயர் தொங்கும். சென்னைப் புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழைய எஞ்சின் வாங்கும்போது இ.சி.எம். (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி), வயரிங் செட், ஃபியூஸ் பெட்டி எல்லாம் ஒரே வண்டியுடையதா என்று பாருங்கள். சாக்கெட்டை ஒட்டி வெட்டிய செட் வேண்டாம், 15 செ.மீ. வாலாவது இருந்தால்தான் ஒழுங்காக நீட்ட முடியும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள எஞ்சினானால் அதன் சாவியும் கூடவே வரவேண்டும்.

மிகப் பெரிய ஆபத்து பெட்ரோல் பம்பில் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டியின் பம்பை எஞ்சினே இயக்குகிறது. எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும். எம்.பி.எஃப்.ஐ.யில் டாங்குக்குள் இருக்கும் மின்பம்ப் ஏறத்தாழ 2.5 முதல் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. சாவியைத் திருப்பியதும் இ.சி.எம். இரண்டு மூன்று நொடி பம்பை ஓட்டிவிட்டு நிறுத்தும். எஞ்சின் சுற்றும் சிக்னல் வந்தால்தான் மீண்டும் ஓட்டும். பம்பை ஓட்டும் இந்த இ.சி.எம். வயரைத் தேடிப் பிடிக்க அலுத்துக்கொண்டு இக்னிஷன் லைனிலிருந்து பம்புக்கு நேரே கொடுத்துவிடுகிறார்கள். வண்டி நன்றாகவே ஓடும், குறை எதுவும் தெரியாது. எங்காவது மோதிக் குழாய் பிய்ந்தால், எஞ்சின் நின்ற பிறகும் சூடான சைலன்சர் குழாய் மேல் பெட்ரோல் பீறிக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்க ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்ச்) போட வேண்டும். இ.சி.எம். எர்த் கொடுத்து ரிலேயை இழுக்கும் வகையானால் நான்கே வயர்தான்: ரிலேயில் எண் போட்ட கால்களில் 30-க்கு பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, 87-லிருந்து பம்புக்கு, 86-க்கு இக்னிஷன், 85-க்கு இ.சி.எம். வயர். இதைத் தவிர்க்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பதற்கு. அதைப் பேட்டரியிலிருந்து 20 செ.மீ.க்குள் வைக்க வேண்டும். அதற்கு முந்தைய வயருக்குக் காவல் கிடையாது. 15 ஆம்பியர் அடிக்கடி போகிறது என்று 30 போட்டால், அடுத்த முறை உருகுவது வயரின் உறைதான். வயரின் தடிமனைக் கணக்குப் போட்டே எடுங்கள். பம்ப் 6 ஆம்பியர் இழுக்கிறது, போக 4 மீட்டர், எர்த்துக்குத் திரும்ப 4 மீட்டர் என்றால், 0.75 சதுர மி.மீ. வயரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 2.5 போட்டால் இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். வீட்டு வயரின் பி.வி.சி. உறை பொதுவாக 70 டிகிரி வரைக்கும்தான். எஞ்சின் அறைக்கு 105 டிகிரி தாங்கும் வாகன வயர் வேண்டும். வாங்கும்போது ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பாகவும் உள்ளே வெள்ளையாகவும் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்.

எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் மின்சாரம் பாயாது. எஞ்சின் பிளாக்குக்குத் தடித்த எர்த் பட்டை விட்டுப்போனால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சுட்டு உறை உருகும். மட்டமான கேபிள் என்று அதையே மாற்றிக்கொண்டிருப்பார்கள். பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் எர்த்தை முடுக்குங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் பிளாக்குக்கும் இடையே மீட்டர் 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. சென்சார் எர்த்தைப் பாடியில் கொடுக்காதீர்கள், இ.சி.எம்.முக்கே கொண்டுபோங்கள்.

ஒட்டுகளைச் சரியான பிளையரால் கிரிம்ப் செய்து (உலோக முனைக்குள் வைத்து நெரித்து), பசை உள்ள ஸ்லீவைச் சூடாக்கி மூடினால் போதும். சால்டர் ஊறிய வயர் விறைத்து, அதிர்வில் அந்த ஓரத்திலேயே ஒடியும். பி.வி.சி. டேப் சூட்டில் பிசுபிசுத்து அவிழும். துணி டேப்பே நிற்கும். டேஷ்போர்டுக்குள் நுழையும் ஓட்டையில் ரப்பர் வாஷர் கட்டாயம். எல்லாம் ஓடிச் சரிபார்த்த பிறகே டேப் சுற்றுங்கள்.

போக்குவரத்துத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவின்படி எஞ்சின் மாற்றம் பதிவு அதிகாரிக்குப் போகவேண்டும். அங்கே எஞ்சின் எண்ணைப் பார்ப்பதோடு பம்பையும் சோதியுங்கள். எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து டாங்க் பக்கம் காது வைத்தால், இரண்டு மூன்று நொடிக்குப் பிறகு சத்தம் கேட்கக்கூடாது. கேட்டால் அந்த வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஆட்டோ எலக்ட்ரீஷியன், கோயம்புத்தூர்