தண்ணீரும் சிக்குகிறதா என்று கேளுங்கள்: குடும்ப மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

"சோறு நெஞ்சுலயே நிக்குது டாக்டர்" என்று வருபவருக்கு மறுபடியும் பான்டாப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரையை எழுதும் முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டுகிறோம். தண்ணீரும் சிக்குகிறதா? எதுக்களித்து வருவது புளிக்கிறதா, இல்லை தின்ற சோறு தின்ற சுவையோடு அப்படியே வருகிறதா?

தொடக்கத்திலிருந்தே தண்ணீரும் சோறும் ஒன்றுபோலச் சிக்கினால் அகலேசியா என்ற உணவுக்குழாய் நோயை நினையுங்கள். புற்றுநோயில் பெரும்பாலும் முதலில் கெட்டியானது சிக்கும், பிறகுதான் தண்ணீர். அகலேசியாவில் தசையைத் தளர்த்தும் நரம்பணுக்கள் அழிந்துபோவதால், உணவுக்குழாயின் அடியிலுள்ள சுருக்குத்தசை திறப்பதில்லை. உணவைத் தள்ளும் அலையும் நின்றுவிடுகிறது. தேங்கிய உணவு குழாயிலேயே நொதித்தாலும் நெஞ்சு எரியும். அமில மாத்திரைக்கு அது அடங்காது. ஆண்டுக்கு லட்சத்தில் ஏறக்குறைய ஒருவருக்கே புதிதாக வரும் நோய் என்பதால், கேட்டால்தான் பிடிபடும்.

சாப்பிடும் விதத்தையும் விசாரியுங்கள். கவளத்துக்கு ஒரு மடக்குத் தண்ணீர், நடுவில் எழுந்து நெஞ்சை நிமிர்த்துவது, இரண்டு இட்லிக்கு முக்கால் மணி நேரம், கல்யாணப் பந்திக்குப் போகாமல் நழுவுவது, காலையில் தலையணையில் ராத்திரிச் சாப்பாட்டுக் கறை. இவற்றோடு இரவு இருமலும் மெலிவும் சேர்ந்தால் நம் ஊரில் காசநோய்ச் சந்தேகம்தான் முதலில் எழும். சளிப் பரிசோதனை செய்யுங்கள். மார்பு எக்ஸ்ரேயையும் இன்னொரு முறை பாருங்கள். இதயத்துக்குப் பின்னால் நீர்மட்டக் கோடு தெரிகிறதா? இரைப்பையின் காற்றுக்குமிழ் காணோமா?

"எண்டோஸ்கோபி நார்மல்" என்ற சீட்டோடு நின்றுவிடாதீர்கள். ஆரம்ப நிலையில் அது நார்மலாகவே இருக்கலாம். அதைச் செய்யும் முன் ஒன்றிரண்டு நாள் திரவ உணவு மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். தேங்கிய உணவு மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் ஆபத்து. நிற்கவைத்து, எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கரைசலைக் குடிக்கச் செய்து 1, 2, 5 நிமிடங்களில் எடுக்கும் படம், அது எவ்வளவு தேங்குகிறது என்று காட்டும். அடிப்பகுதி பறவை அலகுபோலக் கூராக முடியும். உறுதி செய்வதும் மூன்று வகைகளில் எது என்று சொல்வதும் மேனோமெட்ரி, அதாவது உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் பரிசோதனை. அறுபதைத் தாண்டியவர் சில மாதங்களிலேயே வேகமாக மெலிந்தால், இரைப்பை வாயிலுள்ள புற்றுநோய் இதேபோல நடிக்கலாம், சி.டி. அவசியம்.

சிகிச்சை உண்டு. சுருக்குத்தசையை 30 மி.மீ. பலூனில் தொடங்கி, தேவைப்பட்டால் 35, 40 என விரிக்கலாம். நூற்றில் ஏறக்குறைய இருவருக்குக் குழாய் கிழியக்கூடும். 1913இல் ஹெல்லர் தொடங்கிய தசைவெட்டு இன்று சிறு துளைகள் வழியே, லேப்பரோஸ்கோப்பியில் நடக்கிறது. 2008இல் ஜப்பானில் இனோவே வாய்வழியாக எண்டோஸ்கோப்பால் தசையை வெட்டிச் செய்துகாட்டிய 'போயம்' முறையில் வெட்டை மேலே வரை நீட்டலாம். இறுக்கம் மிகுந்த மூன்றாம் வகைக்கு அதுவே ஏற்றது. தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி சில மாதங்களே தாங்கும், அறுவைக்குத் தாங்காத உடல்களுக்கு மட்டும். எந்த முறையும் தள்ளும் அலையைத் திருப்பித் தராது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். போயத்துக்குப் பின் அமிலம் மேலேறுவது சாதாரணம். பான்டாப்ரசோல் அப்போது பலருக்குத் தேவைப்படும்.

பரிந்துரைச் சீட்டில் "கேஸ் ட்ரபிள்" என்று எழுதாமல், "நீரும் திடமும் விழுங்கச் சிரமம், பேரியம், மேனோமெட்ரி தேவை" என்று எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உணவுக்குழாய் நோய்களுக்குச் சிகிச்சை அளிப்போர்