லைப்ரரியை இணைத்தபின் விடையைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேட்லேப், ஆக்டேவ் போன்ற எண்கணிப்பு மென்பொருள்களில் வெளி லைப்ரரியை, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்தச் சார்புகளின் தொகுப்பை, இணைப்பது குறித்து மாணவர்களுக்கு எழுதப்படும் வழிகாட்டிகள், கோப்பை நிறுவிப் பாதையைச் சேர்த்தபின் பிழைச்செய்தி வரவில்லை என்றால் எல்லாம் சரி என்று முடித்துவிடுகின்றன. நேரியல் இயற்கணிதம் கற்பிக்கும் எனக்கு இது மிகுந்த கவலை தருகிறது.

பிழைச்செய்தி வந்தால் பெரிய தொல்லை இல்லை. 64 பிட் மென்பொருளில் 32 பிட் லைப்ரரியை ஏற்ற முயன்றால் அது மறுத்துவிடும். ஆக்டேவில் நிறுவிய தொகுப்பை அந்த அமர்வில் ஏற்ற மறந்திருந்தால், அழைத்த சார்பு கிடைக்கவில்லை என்று உடனே தெரிந்துவிடும். சத்தமின்றித் தவறான விடை தரும் இணைப்புக்குத்தான் அஞ்ச வேண்டும்.

ஃபோர்ட்ரான் மொழியின் வழக்கப்படி, மேட்லேப் அணியின் உறுப்புகளை நிரல் நிரலாக (மேலிருந்து கீழாக) நினைவகத்தில் அடுக்குகிறது; சி மொழியில் எழுதப்பட்ட லைப்ரரிகள் பலவும் அவற்றை நிரை நிரையாக (இடமிருந்து வலமாக) எதிர்பார்க்கின்றன. முதல் நிரையில் 1, 2 என்றும் இரண்டாம் நிரையில் 3, 4 என்றும் உள்ள அணியை அப்படியே அனுப்பினால், மறுபுறம் அது 1, 3 மற்றும் 2, 4 என்ற நிரைகளாகப் போய்ச் சேரும். இதைக் கண்டுபிடிக்க அணிக்கோவை உதவாது, ஏனெனில் இரண்டுக்கும் அது -2 தான். ஐகன் மதிப்புகளும் மாறுவதில்லை. சமச்சீர் அணியைக் கொண்டு சோதித்தாலோ பிழை முற்றிலும் மறைந்துவிடும். என் மாணவி ஒருவர் அப்படிச் சோதித்துவிட்டு நம்பிக்கையுடன் தொடர்ந்ததால், இரண்டு வாரக் கணக்கீடுகளை மீண்டும் செய்ய நேர்ந்தது. அவரது உழைப்பில் குறையே இல்லை, எப்படிச் சோதிப்பது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதே என் வருத்தம்.

மேற்சொன்ன அணியை 1, 1 என்ற நிரல் வெக்டரால் பெருக்கினால் 3, 7 வர வேண்டும். 4, 6 வந்தால் அடுக்குமுறை மாறியிருக்கிறது என்று பொருள். ஒரு நிமிடம் கூட ஆகாத சோதனை இது. பிளாஸ், லேபாக் போன்ற நேரியல் இயற்கணித லைப்ரரிகளை மாற்றுவோர், முழு எண்களை 32 பிட்டாக எடுக்கும் பதிப்பா 64 பிட்டாக எடுக்கும் பதிப்பா என்பதையும் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.

தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் இத்தகைய வழிகாட்டிகளை வெளியிடும்போது, விடை முன்பே தெரிந்த, சமச்சீரற்ற ஓர் அணியைக் கொண்டு செய்யும் சோதனையையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்