அந்த அகழியை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை, கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ ஷ்ரூஸ்பரி போய், போர் நடந்த இடத்துத் தேவாலயத்தின் முன்னால் நின்று எடுத்து அனுப்பிய படம் கிடைத்தது. ஸ்வெட்டர் போட்டிருக்கிறாய், நல்லது. அப்புறம் போனில் இங்கிலாந்து ராஜா ஐந்தாம் ஹென்றியின் கொடுமையைப் பற்றிப் பேச்சு வந்தபோது "அந்தக் காலத்துல எல்லா ராஜாவும் அப்படித்தான்பா" என்று சொல்லிவிட்டு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். இரண்டு நாளாக அதே நினைப்பு, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ நின்ற அந்த வயல்வெளியில்தான் 1403 ஜூலை 21 அன்று அவன் முகத்தில் அம்பு பாய்ந்தது. அப்போது அவன் இளவரசன், வயது 16. ராஜாவாக இருந்த அவன் அப்பாவுக்கு எதிராகக் கிளம்பிய பெர்சி குடும்பத்தோடு சண்டை. மூக்குக்குப் பக்கத்தில் புகுந்த அம்பின் தண்டு பிடுங்கியதும் வந்துவிட்டது, முனை மட்டும் ஆறு அங்குல ஆழத்தில் மண்டையின் பின்பக்க எலும்பில் மாட்டிக்கொண்டது. கெனில்வொர்த் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். ஜான் பிராட்மோர் என்ற வைத்தியர் வந்தார்.

நீ சர்ஜரியில் இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எல்டர் மரக்குச்சியின் உள்சோற்றைக் காயவைத்து, துணி சுற்றி, ரோஜாத் தேனில் ஊறவைத்துக் காயத்துக்குள் விட்டார். முதலில் மெல்லியது, பிறகு கொஞ்சம் தடிமனானது, இப்படியே வழியை அகலப்படுத்திக்கொண்டே போய் முனையைத் தொட்டார். அதைப் பிடிக்க ஒரு குறடை அவரே வடிவமைத்தார், நடுவில் ஒரு திருகு இருக்கும், அம்பு முனையின் குழிக்குள் நுழைத்துத் திருகினால் விரிந்து கவ்விக்கொள்ளும். அப்படியும் இப்படியும் மெதுவாக அசைத்து வெளியே எடுத்துவிட்டார். வெள்ளை ஒயின் விட்டுக் கழுவி, தேனும் பார்லி மாவும் சேர்த்த திரிகளை வைத்து, நாளுக்கு நாள் திரியைச் சிறிதாக்கி, 20 நாளில் காயத்தை ஆற்றினார். மயக்க மருந்து இல்லாத காலம், கண்ணு! அந்தப் பிள்ளை எப்படித் தாங்கினானோ.

இவ்வளவு பொறுமையான ஒரு கையால் பிழைத்தவன் அவன். என் ஆதங்கமே அதுதான்.

1413இல் ராஜா ஆனான். 1415 அக்டோபர் 25 அன்று அஜின்கோர்ட்டில் சேற்றில் புதைந்த பிரெஞ்சு வீரர்களைத் தன் வில்லாளிகளை வைத்து வென்றதுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை. பிடித்த கைதிகளைக் கொல்லச் சொன்னதும் அதே நாள்தான். நல்லதையும் சொல்ல வேண்டும். 1417இல் படையோடு மறுபடியும் பிரான்ஸ் போனபோது ஊருக்கு எழுதிய கடிதங்களைப் பிரெஞ்சில் இல்லாமல் ஆங்கிலத்தில், தன் ஜனங்கள் பேசுகிற மொழியில் எழுத ஆரம்பித்தான். அதற்காக அவன் மேல் எனக்குப் பிரியம் உண்டு.

ஆனால் பிரான்சின் ரூவான் நகரத்தில் அவன் செய்தது? 1418 ஜூலையில் அந்த நகரத்தை வளைத்துக்கொண்டு தை பிறக்கிற வரைக்கும் விடவில்லை. உள்ளே சாப்பாடு தீர்ந்ததும் நகரத்துக்காரர்கள் ஏழைகளையும் கிழவர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் வெளியே தள்ளினார்கள். இவன் அவர்களைப் போகவும் விடவில்லை. மதிலுக்கும் படைக்கும் நடுவில் அகழியிலேயே குளிரில் கிடந்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளைக் கூடையில் வைத்து மேலே இழுத்து, ஞானஸ்நானம் கொடுத்து, மறுபடியும் அகழிக்கே இறக்கினார்கள். இரக்கம் காட்டச் சொன்னபோது, அவர்களை அங்கே தள்ளியது நான் இல்லையே என்றான். கிறிஸ்துமஸ் அன்று ஒரு நாள் சாப்பாடு கொடுத்தான், மறுநாள் பழையபடிதான்.

இதையெல்லாம் எழுதிவைத்தவன் எதிராளி இல்லை. ஜான் பேஜ் என்று அவன் படையிலேயே இருந்தவன். பாட்டாக எழுதியிருக்கிறான், அம்மா அப்பா செத்துப்போய்ப் பிச்சை கேட்ட இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளைப் பற்றியும் எழுதியிருக்கிறான். அவனும் அந்தக் காலத்து ஆள்தானே, அவனுக்கு மட்டும் எப்படிக் கண்ணில் பட்டது? நீ சொன்னதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாதது இதனால்தான்.

1420இல் ட்ருவா உடன்படிக்கை, பிரான்சுக்கு வாரிசு இவன்தான் என்று முடிவாகி, பிரெஞ்சு ராஜாவின் மகள் கேத்தரினையே கல்யாணம் செய்துகொண்டான். 1421 டிசம்பர் 6 அன்று வின்ட்சரில் மகன் பிறந்தபோது இவன் பிரான்சில் மோ நகரத்தை முற்றுகை போட்டுக்கொண்டிருந்தான். அடுத்த மே மாதம் கேத்தரின் பிரான்ஸ் வந்தாள், குழந்தையை விட்டுவிட்டுத்தான் வந்தாள். 1422 ஆகஸ்ட் 31 அன்று, 35 வயதில், வின்சென் கோட்டையில் சீதபேதியில் செத்துப்போனான். அதற்கு ஐந்து நாள் முன்னால் உயிலைத் திருத்தி, பிள்ளையை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதவைத்தான். அந்த முகத்தை அவன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எவ்வளவு கோபம் இருந்தாலும் இந்த இடத்துக்கு வந்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, நைட் டியூட்டி முடிந்து தூங்கி எழுந்ததும் இதைப் படி. டிசம்பரில் வருகிறேன் என்றாயே, டிக்கெட் போட்டுவிட்டாயா?

அன்புடன்,
அப்பா