தமிழ் எழுத்தை எண்ணும் நிரலை எத்தனை முறை எழுதுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தமிழில் பெயர் வாங்கும் எந்த இணையப் படிவத்துக்கும் எழுத்தை எண்ண, அகர வரிசைப்படுத்த, தேட என்று சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் (ஒரு வேலையைச் செய்துதரும் நிரல் துண்டுகள்) தேவை. பத்து இருபது வரிதான். ஆனால் அதை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக எழுதுகிறது, எல்லோரும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

‘நட்பு’ நமக்கு மூன்றெழுத்து. இணையதளங்கள் எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியில், நீளம் எண்ணும் ஸ்டர்லென் ஃபங்ஷன் அதை 15 என்கிறது. அது பைட் கணக்கு, அதாவது கணினி நினைவகத்தில் பிடிக்கும் இடம். எம்பி_ஸ்டர்லென் என்ற இன்னொரு ஃபங்ஷன் புள்ளியையும் உகரக் குறியையும் தனியே எண்ணி 5 என்கிறது. இதே கணக்கில் முதல் இரண்டெழுத்தை வெட்டி எடுக்கச் சொன்னால் ‘நட்’ வராது, புள்ளி போய் ‘நட’ வரும். கிராஃபீம்_ஸ்டர்லென்தான் 3 தரும், அதற்கு சர்வரில் ஐஎன்டிஎல் என்ற பிஎச்பி கூடுதல் தொகுதி இருக்க வேண்டும். உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இன்டெல்.செக்மென்டர் (Intl.Segmenter) என்ற வசதி இதைச் செய்யும். ஃபயர்பாக்ஸில் அது 2024-இல்தான் வந்தது என்பதால் பழைய உலாவிகளுக்கு மாற்றுவழியும் வேண்டும்.

வரிசைப்படுத்தல் இன்னொரு பள்ளம். வெறும் சார்ட் (வரிசைப்படுத்தும் கட்டளை) போட்டால் யுனிகோடு எண் வரிசையில், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் கணினி வைத்திருக்கும் எண்ணின் வரிசையில் அடுக்கும். அதில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்து உட்கார்ந்திருப்பதால் மலருக்கு முன்னால் மனோகரன் வந்துவிடுவார். ஜாவாஸ்கிரிப்டில் மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் இன்டெல்.கொலேட்டருக்கு (Intl.Collator) ‘டிஏ’ (ta) என்ற தமிழ் மொழிக் குறியைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

தேடலில்தான் உண்மையான சிக்கல். ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே யுனிகோடு எண்ணாலும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் என்எஃப்சி (இப்படி இருவகையாக எழுதியதை ஒன்றாக்கும் யுனிகோடு முறை) வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். ஆனால் ‘கௌரி’யை கெ, ள, ரி என்று தட்டியிருந்தால் என்எஃப்சி கைகொடுக்காது. ‘கெள’வை எல்லாம் ‘கௌ’ ஆக்கிவிடலாம் என்று கிளம்பினால் கெளுத்தி மீன் சிதைந்துபோகும். பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத ‘ள’வை மட்டுமே மாற்ற வேண்டும். இந்த ஒரு நிபந்தனை விடுபட்ட நிரல்தான் ஊரெல்லாம் நகலாகிறது.

பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதுவோருக்கு எழுத்தைப் பிரித்துத்தர ஓப்பன்-தமிழ் நூலகம் இருக்கிறது. பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவோரும் தங்கள் ஃபங்ஷன்களை எம்ஐடி போன்ற, யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் திறந்த உரிமத்தில், பேக்கஜிஸ்ட் (பிஎச்பி-க்கு), என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்டுக்கு) ஆகிய பொது நிரல் களஞ்சியங்களில் வைக்க வேண்டும். நிரல் மட்டும் போதாது, நட்பு, கௌரி, கெளுத்தி, லக்ஷ்மி போன்ற சோதனைச் சொற்களும் உடன் இருக்க வேண்டும். ‘க்ஷ’வை ஒன்றாக எண்ணுகிறதா, இரண்டாகவா என்பதை விளக்கக் குறிப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எடுத்துப் பயன்படுத்துவோர் பதிப்பு எண்ணைப் பூட்டி, ஒரு பிரதியைத் தங்களிடமும் வைத்துக்கொள்ள வேண்டும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதை எழுதியவர் என்பிஎம்-இலிருந்து நீக்கியதும், அதைச் சார்ந்திருந்த எத்தனையோ திட்டங்களின் பில்டு (நிரலைத் தொகுத்து உருவாக்கும் வேலை) நின்றது.

அரசுத் துறைகள் தமிழ் இணையதளத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே ஒரு வரி சேர்க்கலாம்: தமிழ் எழுத்தைக் கையாளும் ஃபங்ஷன்களைச் சோதனைகளோடு பொதுவில் வெளியிட வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் எழுதப்படும் நிரல்தானே அது.

இப்படிக்கு,
வலை நிரலாளர், மதுரை